வீட்டிலிருந்து போய்வந்தே உண்ணல் கோளாறுக்குச் சிகிச்சை: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நம்ம கடற்கரை ஊர்களில் ஒருவர் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போனால் முதலில் ‘கேஸ் டிரபிள்’ என்பார்கள். அடுத்து அல்சர் என்று எண்டோஸ்கோபி, அதற்கடுத்து தைராய்டு. எதிலும் பிடிபடவில்லை என்றால் காத்து கருப்பு, மந்திரித்த கயிறு. ஒரு வருடம் இதிலேயே ஓடிவிடும். சாப்பிட்டுவிட்டு ஒளிந்து வாந்தி எடுப்பவர்களுக்கு அந்த அலைச்சல்கூடக் கிடையாது. பார்க்க நன்றாக இருப்பதால் யாரும் கேட்பதே இல்லை.

பெரும்பாலான உண்ணல் கோளாறுகளை ஆஸ்பத்திரியில் படுக்காமலே, வீட்டிலிருந்து போய்வந்து சரிசெய்யலாம். கடிகாரம் பார்த்துச் சாப்பிடும் சாப்பாடும், அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார ஓர் ஆளும்தான் இந்தச் சிகிச்சையின் அடித்தளம். டாக்டர், உளவியலாளர், உணவு ஆலோசகர் மூவரும் அந்தச் சாப்பாட்டு நேரத்தைக் காப்பாற்றத்தான் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் நேரம், நோன்பு, பஸ் தூரம், தண்ணீர் வண்டி இவற்றுக்கு நடுவே அந்த நேரத்தை எப்படி நிறுத்துவது என்பதுதான் கீழே வருவது. பதினெட்டு வயது தாண்டியவர்களுக்காக எழுதியது; சிறுவர்களுக்கான முறை வேறு.

இது அதுதானா?

1999இல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஐந்து கேள்விகளை வெளியிட்டார்கள். இன்றும் உலகின் பல இடங்களில் முதற்கட்டச் சோதனைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். வயிறு நிறைந்து சங்கடமாக இருக்கிறதென்று நீங்களாகவே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிவிட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? சாப்பாட்டு நினைப்புதான் உங்கள் வாழ்க்கையை ஆட்டிவைக்கிறதா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது முதற்கட்டச் சோதனைதான், முடிவு டாக்டருடையது.

முக்கிய வகைகள் நான்கு. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டு, பிறகு வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அளவுமீறிய உடற்பயிற்சி என்று அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. ஈடுகட்டாமல் கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் பிஞ்ச் ஈட்டிங். நான்காவதுக்கு நம் பக்கத்து உதாரணம் உண்டு: தொண்டையில் மீன் முள் சிக்கிய பயத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் கஞ்சித்தண்ணி மட்டுமே இறங்குகிறவர். உடம்பு குண்டாகும் என்ற பயம் அவருக்கு இல்லை, விழுங்கத்தான் பயம். ஆர்ஃபிட் என்று இதைச் சொல்வார்கள். ஆண்களுக்கும் நான்கும் வரும். ஜிம்முக்குப் போகிற பையனுக்கு வந்தால் அதை ஒழுக்கம் என்று பாராட்டிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நாடி

வீட்டிலிருந்து சிகிச்சை எடுக்கலாமா, படுக்கையில் சேர வேண்டுமா என்பதை எடை மட்டும் தீர்மானிக்காது. சராசரி எடையில் இருப்பவரும் பொட்டாசியம் இறங்கி இதயம் நின்று போகலாம். செய்ய வேண்டியது இது: ஐந்து நிமிடம் படுக்க வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 விநாடி நாடியை எண்ணுங்கள். பி.பி. கருவி இருந்தால் அதையும் எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிடம் கழித்து மறுபடி இரண்டும். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

படுத்திருக்கும்போது நாடி 50க்குக் கீழே என்றால் அன்றே டாக்டர். 40க்குக் கீழே என்றால் 108. நின்றதும் நாடி 30க்கு மேல் ஏறினாலோ, மேல் பி.பி. 20க்கு மேல் இறங்கினாலோ, உட்கார்ந்தே மேல் பி.பி. 90க்குக் கீழ் இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும். உடம்புச் சூடு 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், தரையில் குந்தி உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாமை, ஐந்து நாளுக்கு மேல் அநேகமாக எதுவுமே சாப்பிடாமை: எதுவானாலும் நேரே அவசரப் பிரிவு. செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். மாத்திரை டப்பா, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டுங்கள். 14416க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அந்தச் சேவை இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம்.

இன்சுலின் போடுகிற சர்க்கரை நோயாளி எடைக்காக ஊசியைத் தவறவிடுகிறார் என்று தெரிந்தால் அது தனி அவசரம். ஓபி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

முதல் ஓபி

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓபியைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் எந்த நாள் எந்த ஊருக்கு வருகிறார்கள் என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டர் போல. வாராவாரம் மதுரை என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாரம் நின்றுவிடும். ஆகவே நாடி, எடை, ரத்தம் பக்கத்து ஊரில்; மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் இராமநாதபுரத்தில்; பேச்சுச் சிகிச்சை வீடியோவில் அல்லது நேரில். இப்படிப் பிரித்துக்கொண்டால் தாங்கும்.

மனநல ஓபி என்றாலே சங்கிலி ஞாபகம் வருகிற மாவட்டம் இது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி தர்கா ஊரில், ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இன்று சட்டம் வேறு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது. தர்காவுக்குப் போகிறவர்கள் போகட்டும். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஆனால் அங்கே தங்கும் நாட்களிலும் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது.

டாக்டர் முன்னால் மூன்றே வாக்கியம் சொல்லுங்கள்: எத்தனை மாதமாக, எவ்வளவு எடை மாறியிருக்கிறது; வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, உடற்பயிற்சி இதில் எது வாரத்துக்கு எத்தனை முறை; மயக்கமும் மாதவிலக்கும் எப்படி. ‘பசியில்லை டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் கையில் வருவது அசிடிட்டி மாத்திரை. வாந்தி எடுப்பதை அம்மா முன்னால் சொல்லக் கூச்சம் என்றால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டலாம்.

சோதனைகள்: சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், கல்லீரல், ரத்த அணுக்கள், தைராய்டு, ஈசிஜி, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கலாம். பாஸ்பேட்டும் மக்னீசியமும் வழக்கமான பட்டியலில் வராது; பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்துவிட்டு வெயிலில் பைக்கில் வேறு ஊர் லேபுக்குக் கொண்டுபோனால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இறங்கியிருப்பது தெரியாமலே போகும். லேப் இருக்கிற இடத்திலேயே கொடுங்கள். பொட்டாசியம் 3க்குக் கீழே வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. ஈசிஜியில் கியூடிசி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரம்) 450 மில்லிவிநாடியைத் தாண்டினால், வேறு எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும் அந்தத் தாளைக் காட்டாமல் வாங்காதீர்கள். வாந்தி மாத்திரை, ஆன்டிபயாடிக் சிலவற்றிலேயே கியூடிசி இன்னும் நீளும்.

டிரிப்ஸ் ஏற்றும் பழக்கம்

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ரொம்ப வீக்கா இருக்கா, ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க’ என்று கேட்பதும் ஏற்றுவதும் இங்கே சாதாரணம். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு அது ஆபத்து. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் சுரக்கும். அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருப்பு காலி. இரத்தத்தில் அளவு சரிந்து இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். சர்க்கரையை எரிக்க தயமின் என்ற பி1 விட்டமினும் வேண்டும். அதுவும் தீர்ந்துபோனால் மூளை பாதிக்கும்: தள்ளாட்டம், கண் ஓரிடத்தில் நிற்காமை, குழப்பம்.

எனவே சில நாட்களாக அநேகமாகச் சாப்பிடாதவருக்கு, அல்லது வேகமாக மெலிந்தவருக்கு, தயமின் முதலில், சோறு பிறகு. ஐந்து நாளுக்கு மேல் எதுவும் இறங்காதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை. ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, படுக்கையில் செய்வது. வீட்டில் ஆரம்பித்தவர்களுக்கும் முதல் இரண்டு வாரம் வாரத்தில் இரண்டு மூன்று முறை பாஸ்பேட், பொட்டாசியம் பார்க்க வேண்டும். புதிதாகக் கால் வீக்கம், மூச்சிரைப்பு, நாடி திடீரென்று ஏறுதல், பேச்சில் குழப்பம் வந்தால் ‘சாப்பிட ஆரம்பிச்சதுல உடம்பு ஊறுது’ என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள்.

இளநீர் நல்லதுதான், பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் லேபில் இறங்கிக் காட்டிய பொட்டாசியத்தை இளநீரால் ஏற்ற முடியாது. சிறுநீரகம் கெட்டிருந்தால் அதுவே வினை.

ஆறு வேளை

மூன்று சாப்பாடு, மூன்று சிற்றுண்டி. எந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம், போனால் நான்கு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். முதல் சில வாரம் பசி பொய் சொல்லும். சுருங்கிப் பழகிய இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். நான்கு வாயில் வயிறு முட்டினது போல் இருக்கும், உப்பும், ஏப்பம் வரும். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் அடங்கும்.

கலோரி எண்ணாதீர்கள். கரண்டி, கிண்ணம், எண்ணிக்கை. கலோரி கணக்கு நோய்க்குத் தெரிந்த மொழி. அதில் பேசினால் நோய்தான் ஜெயிக்கும். உடம்பு நிலை சரியென்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு நாள் இப்படி இருக்கலாம், அளவை உணவு ஆலோசகர் மாற்றுவார்:

காலை 7: இட்லி நான்கு, சாம்பார் ஒரு கிண்ணம், தேங்காய்ச் சட்னி இரண்டு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று.
10 மணி: பால் ஒரு டம்ளர் கருப்பட்டியோடு, கடலை மிட்டாய் இரண்டு.
1 மணி: சோறு மூன்று குழிக்கரண்டி, மீன் குழம்பு, பொரித்த மீன் இரண்டு துண்டு அல்லது நெத்திலி ஒரு கைப்பிடி, காய் ஒரு கிண்ணம், தயிர்.
4 மணி: டீ, வடை அல்லது சுண்டல் ஒரு கிண்ணம்.
இரவு 7.30: தோசை மூன்று அல்லது இடியாப்பம் ஐந்து, குழம்பு.
9.30: பால், வாழைப்பழம்.

கஞ்சி பற்றி ஒரு எச்சரிக்கை. நீராகாரமும் தண்ணியான கூழும் வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. நோய் அதைத் தேடிப் போகும். ‘கஞ்சி குடிச்சேனே’ என்பதில் பொய் இல்லை, சத்தும் இல்லை. கேப்பைக் கூழ் என்றால் கரண்டி நிற்கிற பதத்தில் கிண்டி, தயிரோ கருவாட்டுக் குழம்போ கட்டாயம் சேர்த்து. முள் பயம் உள்ளவருக்கு முதலில் முள் இல்லாத இறால், சுறாப் புட்டு. அப்புறம் உதிர்த்துத் தேடிக் கொடுத்த பாறை மீன். அப்புறம் அவரே முள் எடுப்பது. படி தாண்டாமல், ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நில்லுங்கள்.

விடிவதற்குள் கடலுக்குப் போகிறவர் காலை 7 மணிச் சாப்பாட்டைப் படகிலே தவறவிடுவார். அவருக்கு நாள் 3 மணிக்கு ஆரம்பிக்கும்: புறப்படுமுன் பாலும் பிஸ்கட்டும், 6 மணிக்குத் தூக்குவாளியில் கொண்டுபோன சாப்பாடு, கரை வந்ததும் அடுத்தது. கணக்கு விழித்த நேரத்திலிருந்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் வேளை. தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகிற பெண்கள் நாடியும் பொட்டாசியமும் சரியாகும்வரை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. கரையில் வருகிற மயக்கம் விழுந்து எழுகிற மயக்கம். நீருக்குள் வருவது அப்படியல்ல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் கைக்காசு குறையும், சாப்பாடும் குறையும். கட்டுப்பாடின்றிச் சாப்பிடும் கோளாறு உள்ளவருக்கு இல்லாமையும் ஒரு தூண்டுகோல்தான்: வயிறு காய்ந்த பிறகு வருகிற முதல் நல்ல சாப்பாட்டில் கட்டு உடையும். ரேஷன் அரிசி, பருப்பு, முட்டை, கருவாடு வைத்துத் தடைக்காலத்துக்கான ஆறு வேளையை மார்ச் மாதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சாப்பாடு போதும், வேளை குறையாமல் இருந்தால் சரி.

பக்கத்தில் உட்கார்வது

ஒரு மதியச் சாப்பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தட்டைப் போடுவது துணைக்கு இருப்பவர். சாப்பிடுகிறவர் அடுப்படியில் நிற்கவே வேண்டாம், எண்ணெய் எத்தனை ஸ்பூன் என்ற பேரம் அங்கேதான் தொடங்கும். மணி 1.00: இருவரும் தட்டோடு உட்கார்கிறார்கள். துணையும் அதையே சாப்பிட வேண்டும்; நீங்கள் ‘எனக்கு அப்புறம்’ என்றால் கண்காணிப்பு ஆகிவிடும். 1.05: சோற்றைப் பரப்பி, மீனை ஓரத்தில் ஒதுக்கி, குழம்பை வழித்து வைக்கிறார். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ‘கஷ்டமா இருக்குன்னு தெரியுது மதினி. மீனோட சேத்து அடுத்த வாய்.’ 1.15: கண் கலங்குகிறது, கை நிற்கிறது. காரணம் கேட்காதீர்கள், அதற்கு வேறு நேரம் இருக்கிறது. தண்ணி லாரி வராததைப் பேசுங்கள். ஒரு நிமிடம் விட்டு, ‘அடுத்த வாய்’. 1.30: நேரம் முடிந்தது. மிச்சமிருந்தால் சண்டை வேண்டாம். என்ன மிச்சம் என்று நோட்டில் எழுதி, டாக்டர் சொன்ன ஈட்டு உணவை, பெரும்பாலும் சத்து மாவு கரைத்த பால், கொடுங்கள். சிற்றுண்டிக்கு 15 நிமிடம் போதும்.

பிறகு ஒரு மணி நேரம் சேர்ந்தே இருங்கள். பாத்ரூம் போவதென்றால் சாப்பாட்டுக்கு முன்பே. வலை முடிவது, பூக்கட்டுவது, சீரியல், எதுவானாலும். குற்ற உணர்ச்சி உச்சிக்கு ஏறி இறங்குவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

சொல்லக் கூடாதவை: ‘எவ்வளவு அழகா இருந்தே’, ‘இப்பத்தான் கன்னத்துல கொஞ்சம் சதை வச்சிருக்கு’, ‘சோத்துக்கு இல்லாதவன் எத்தனை பேர்’. நடுவிலுள்ளது பாராட்டு என்று நினைப்பீர்கள். கேட்பவருக்கு ‘குண்டாயிட்டே’ என்றே விழும். வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வருகிற சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், நல்லதும்கூட.

வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்காதீர்கள். அமிலத்தில் மிருதுவான பல் மேற்பூச்சு தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரில், அல்லது ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கொப்பளியுங்கள். அடுத்த வேளையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அளவுமீறிச் சாப்பிட்ட நாளுக்குப் பட்டினி ஈடு என்று நினைப்பதுதான் அந்தச் சக்கரத்தைச் சுற்றவைக்கிறது. பேதி மாத்திரை வெளியேற்றுவது பெரும்பாலும் தண்ணீரையும் உப்பையும்தான். நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் உடம்பு நீர் கோத்து எடை கூடினது போல் காட்டும், வடிந்துவிடும். நீண்ட நாள் போட்டவர் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

நோட்டும் தராசும்

பேச்சுச் சிகிச்சையில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டவற்றுள் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிபிடி–ஈ, அதாவது உண்ணல் கோளாறுக்கென்றே வடிவமைத்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சை. எடை குறைவாக இல்லாதவருக்கு 20 வாரத்தில் 20 அமர்வு, எடை குறைந்தவருக்கு 40 போல. முதல் நான்கு வாரம் வாரம் இரண்டு. ஆலோசகர் என்று போர்டு வைத்த எல்லோரிடமும் இது கிடைக்காது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள், உண்ணல் கோளாறு பார்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

வீட்டு வேலை ஒரு நோட்டு. ஐந்து கட்டம்: நேரம், என்ன, எங்கே யாரோடு, வாந்தி அல்லது பேதி உண்டா, மனசில் என்ன. சாப்பிட்ட சில நிமிடங்களுக்குள் எழுத வேண்டும். இரவு மொத்தமாக எழுதினால் பாதி மறைந்திருக்கும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: ‘10.00, ஒண்ணுமில்ல, கடை. 1.30, சோறு ரெண்டு வாய், கடை, நின்னுக்கிட்டே. 4.00, ஒண்ணுமில்ல. 6.20, பரோட்டா 5, அல்வா கால் கிலோ, வீட்ல தனியா, வாந்தி, செத்துடலாம்போல.’ உளவியலாளர் 6.20ஐப் பார்க்க மாட்டார், 10 மணியையும் 4 மணியையும் பார்ப்பார். ‘செத்துடலாம்போல’ என்பதை மட்டும் அன்றே கேட்பார்.

எடை வாரம் ஒருமுறை. ஒரே தராசு, ஒரே நேரம், சிறுநீர் போய்விட்டு, மெல்லிய உடையில். வீட்டுத் தராசைப் பூட்டி வையுங்கள். ஒருநாள் ஏற்ற இறக்கம் தண்ணீரும் உப்பும்தான். நான்கு வாரக் கோட்டைப் பாருங்கள். மெலிந்தவருக்கு வீட்டுச் சிகிச்சையில் வாரம் அரைக் கிலோவை ஒட்டி ஏறினால் நல்ல வேகம்.

நோன்பு, விரதம், விருந்து

ரமலானில் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. அதை டாக்டர் சொல்வதைவிட ஊர் ஆலிம் வீட்டுக்கு வந்து சொன்னால் ராத்தாவுக்கு நெஞ்சு ஆறும். மாதம் பிறக்கும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். விட்ட நோன்புக்குப் பதிலாக ஓர் ஏழைக்கு உணவளிக்கும் வழியும் இருக்கிறது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத் தவக்காலத்திலும் அதே: பங்குச் சாமியாரிடம் பேசி, சாப்பாட்டை விடாமல் வேறொன்றை ஒறுக்கலாம், உடம்பைக் கண்ணாடியில் பார்ப்பதையே ஒறுக்கலாம். சஷ்டியும் அமாவாசையும் அப்படித்தான். பக்தி எது, நோய் எது என்று குழம்பினால் ஒரு கேள்வி: விரதம் முடிந்ததும் நிம்மதியா, இன்னும் ஒருநாள் நீட்ட ஆசையா?

கீழக்கரைக் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு, ஒரே தாலத்தில் பலர் கை. யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது, இந்த நோய்க்கு அது வசதி. முதல் மூன்று மாதம் துணைக்கு வருபவர் தனித் தட்டில் எடுத்து வைக்கட்டும். போகாமல் இருப்பது தீர்வில்லை.

வாராந்திர ஓபி போதாதபோது

நான்கு வாரத்தில் வாந்தியும் மட்டற்ற சாப்பாடும் குறையவே இல்லை, அல்லது எடை ஏறவே இல்லை என்றால் இன்னும் நான்கு வாரம் அதையே செய்வதில் பலன் குறைவு. நாடியும் ரத்தமும் நன்றாக இருந்து, ஆள் பக்கத்தில் இல்லாமல் ஒரு வேளைகூட இறங்காதவருக்குப் பகல் சிகிச்சை. காலையில் போய், ஆறிலிருந்து எட்டு மணி நேரம் இருந்து, இரண்டு சாப்பாடும் சிற்றுண்டியும் பணியாளர்களோடு சாப்பிட்டு, குழு அமர்வு, தனி அமர்வு முடித்து, இரவு வீடு. வாரம் ஐந்து நாள். பெரிய நகரத்து மனநல மையங்களில் கேட்க வேண்டும். மதுரை அரசு இராஜாஜி, வேலூர் சி.எம்.சி., பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநலப் பிரிவுகளுக்கு உங்கள் மருத்துவரிடமே கடிதம் கேளுங்கள். அறை எடுப்பதற்கு முன்பு மூன்று கேள்வி: சாப்பாட்டின்போது யார் உட்கார்வார்கள், ரத்தம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, சனி ஞாயிறு என்ன திட்டம். வழுக்குவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான்.

போக முடியாத வீடுகளில் அதன் நிழலைக் கட்டலாம். பகல் நேரத்துக்கு மூன்று பேர் முறை: காலை கணவர், மதியம் மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ, மாலை தங்கை. ஒரே ஆள் மூன்று மாதம் உட்கார முடியாது, உடைந்துபோவார். முன்னேறினால் ஐந்து நாளை மூன்றாக்கி, பிறகு ஒரு வேளை மட்டும் தனியே. புயல் கூண்டு ஏற்றி வண்டி ஓடாத நாளில் அமர்வைப் போனில் வையுங்கள், நாடியை நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

மாத்திரை, காசு, சட்டம்

புலிமியாவுக்கு ஃப்ளுவாக்சடின் உதவும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிகமாக, பெரும்பாலும் 60 மில்லிகிராம்வரை படிப்படியாக ஏற்றுவார்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். புப்ரோபியான் மட்டும் அனோரெக்சியா, புலிமியா உள்ளவருக்குக் கூடாது, வலிப்பு வரலாம். சிகரெட் விடுவதற்கென்று வேறு டாக்டர் எழுதலாம், கவனம். அனோரெக்சியாவில் சாப்பாட்டுக்கு மாற்றான மாத்திரை எதுவும் இல்லை. ‘பசி டானிக்’ வாங்கும் காசுக்கு முட்டை வாங்கலாம்.

2017 சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் பல பாலிசிகள் ஓபிச் செலவையே தருவதில்லை. சேருமுன் பகல் சிகிச்சை அதில் எப்படி வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரியவர் என்பதால் சம்மதம் அவருடையது. ‘கோயிலுக்குப் போறோம்’ என்று ஏமாற்றிக் கூட்டிப்போனால் ஒரு ஓபி கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. தெளிவாக இருக்கும் நாளில், உடம்பு மோசமானால் தன் சார்பில் பேச யார் என்பதை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். சட்டம் அதை ஏற்கிறது.

எடையும் வேளையும் சீரான பிறகும் ஒரு வருடம்வரை மாதம் ஒருமுறை நாடி, எடை, நோட்டு. அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள், அவர் கையெழுத்திலேயே: தொடர்ந்து இரண்டு நாள் 4 மணிச் சிற்றுண்டி தவறினால் யாரிடம் சொல்வது, ஒரு வாந்தி வந்தால் யாரிடம், இரண்டு வாரம் எடை இறங்கினால் எந்த ஓபி. நம்பர்களைப் பெரிதாக எழுதுங்கள், கண்ணாடி போடாத மாமியாருக்கும் தெரிகிற அளவுக்கு.